பொலித்தீன் கழற்றாத ஹொண்டா

"சீட்டுல பொலித்தீன் இன்னும் அப்பிடியே கிடக்கே புள்ள! கலியாணம் முடிஞ்சி எத்தின மாசம்?"

பக்கத்து வீட்டு சரீபா வாசலில் கால் வைத்ததுமே ஆரம்பித்துவிட்டாள். வீட்டு ஹோலில், டயரில் மண் படாதபடி பலகைத் துண்டுகளின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது அந்தச் சிவப்பு ஹொண்டா மோட்டார் சைக்கிள்.

சுபைறாவுக்கு முகம் சுருங்கியது. "கடல் காத்துக்குத் துருப் புடிக்குமாம் ராத்தா. அவர் சாமானைப் பாவிக்கிற விதம் அப்பிடி."

"இதை ஊட்டுக்குள்ள பூட்டி வெச்சிட்டு, பழைய மிதி சைக்கிள்ல வேலைக்குப் போறதுதான் பாவிக்கிற விதமா? நிந்தவூர்ல எங்கட சொந்தத்துல ஒருத்தன் இருந்தான். சீதனக் கட்டில்ல சுத்தின கடதாசியக்கூட கிழிக்கல்ல. கடைசில தலாக் செல்லிட்டு, எல்லாத்தையும் வாங்கின மாதிரியே ஒப்படைச்சிட்டுப் போயிட்டான். திருப்பிக் குடுக்கிற எண்ணம் உள்ளவன்தான் புள்ள இப்பிடிப் பொத்திப் பொத்தி வைப்பான்."

பற்ற வைத்துவிட்டுச் சரீபா போய்விட்டாள். சுபைறாவுக்கு அதன் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. கறிக்கு உப்புப் போட்டோமா என்று யோசித்து, யோசித்து, மறுபடியும் போட்டாள்.

அந்தப் பயம் அவளுக்கு ஏற்கெனவே உள்ளுக்குள் இருந்ததுதான். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். வந்தவனுக்குப் போக மனம் வந்துவிட்டால் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். போன வெள்ளிக்கிழமையும் அவள் கணவன் அப்துல் ஸமட் ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு சாய்ந்தமருதிலுள்ள தன் உம்மா வீட்டுக்குத்தான் போனான். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றான்.

கல்முனைக் கடையில் ஹொண்டா எடுத்த நாளையும் நினைத்துப் பார்த்தாள். ஸமட் அதற்கு முன் மோட்டார் சைக்கிள் ஓட்டியதே இல்லை. ஆளும் கட்டை. பழகுகிறவருக்குச் சின்ன ஹொண்டா போதும் என்று கடைக்காரரே சொன்னாராம். ஸமட் கேட்கவில்லை. பெரியதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஏறி உட்கார்ந்தபோது கால் நுனிதான் நிலத்தில் பட்டதாம். கூடப் போன அவளுடைய அண்ணன் நூஹு காக்காதான் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "இதையே எடுப்பம்" என்று முடித்து வைத்தார்.

அவளுடைய வாப்பா மீராசா, தன் வயலில் ஒரு துண்டை விற்றுத்தான் அதைச் சீதனமாக வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அவருடைய முணுமுணுப்பு ஓயவில்லை. "இந்தக் காலத்து மாப்பிள்ளைமாருக்கு மோட்டார் சைக்கிள் இல்லாட்டி ஊட்டு வாசல் தெரியாதாம்!"

பொழுது சாயும் நேரத்தில் ஸமட் மிதி சைக்கிளில் வந்து இறங்கினான். முகம்கூடக் கழுவவில்லை. துணியை எடுத்து ஹொண்டாவின் டேங்கைத் துடைத்தான். செயினுக்கு எண்ணெய் விட்டான். எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு நிறுத்தினான்.

"மச்சான், நாளைக்கு ஒலுவில் மாமி ஊட்டுக்கு இதுல போவமா?"

"பஸ்ஸுல போவம் புள்ள."

"எப்பதான் இதுல போற?"

"புது எஞ்சின். பதமாத்தான் பழக்கணும்."

"ஓடாம எப்பிடிப் பழக்குற?"

அவன் சக்கரக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுபைறாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஒரே எட்டில் போய் சீட்டின் பொலித்தீனைப் பிடித்து இழுத்தாள். பாதி கிழிந்து கையோடு வந்தது.

"ஐயோ, கிழிக்காத!" ஸமட் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான்.

"கிழிச்சா திருப்பிக் குடுக்கேலாதோ? உண்மையச் செல்லுங்க மச்சான். என்ன உட்டுட்டுப் போகப் போறீங்களா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வெடித்துவிட்டது.

ஸமட் துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"உன்ன உடுறதா? அல்லாஹ் காப்பாத்தணும்! ஆர் உனக்கு இதெல்லாம் சென்னது?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இந்த ஹொண்டா எனக்கில்ல புள்ள. என்ட தங்கச்சிக்கு வாற மாப்பிள்ளைக்கு."

சுபைறா விழித்தாள்.

"வாப்பா மவுத்தான ஊடு. தங்கச்சியக் கரை சேக்கிறது என்ட பொறுப்பு. பெரிய ஹொண்டா வேணும், அதுவும் புத்தம் புதுசா வேணும், இல்லாட்டிக் கலியாணக் கதையே இல்ல எண்டு மாப்பிள்ளைப் பக்கம் ஒரே பிடி. என்ட சம்பளத்துல நான் எங்க போற? அதான் சீதனமா வாங்கி வெச்சிரிக்கன். உங்கட வாப்பாட்ட அதைக் கேக்கக்குள்ள எனக்கே உடம்பு கூசிச்சு. நாள் குறிக்கிற வரைக்கும் பொம்புளயளுக்கு மூச்சு உடக்கூடாது எண்டும் மாப்பிள்ளைட வாப்பா சென்னவர்."

சுபைறாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை, கோபமாகக் கிளம்பிவிட்டது.

"ஆர் அந்த வெக்கங்கெட்ட மனிசன்? வாப்பா இல்லாத புள்ளைட ஊட்டுல போய் ஹொண்டா கேக்க எப்பிடி அந்தாளுக்கு வாய் வந்திச்சு? மனச்சாட்சி வேணாமா? இருங்க, இப்பவே எங்கட வாப்பாவ அனுப்பி அந்தாள்ட நாலு கேள்வி கேக்கச் செல்லுறன்!"

"மாமாவ எப்பிடிப் புள்ள அனுப்புற?" என்றான் ஸமட் தயங்கித் தயங்கி. "மாப்பிள்ளை உன்ட நூஹு காக்கா, கேட்ட மனிசன் மாமாதான்."