சுண்டுவிரல் அளவு

விண்ட்ஹோக் நகரத் துப்பாக்கிக் கடையில் விற்பனைப் பெண் ஹில்மா நீட்டிய மூன்றாவது ரைஃபிளின் குழலிலும் தொழிலதிபர் ஃபூரி சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

“நுழையலையே. இதைவிடப் பெருசு காட்டும்மா.”

“ஐயா, காட்டெருமையைச் சாய்க்க இதுவே தாராளம். அது பாஞ்சு வர்றப்போ கை நடுங்காம நிக்கணும், அதான் முக்கியம். குழலோட பருமன் இல்ல.”

“எனக்கா நடுங்கும்? போன மாசம் அதோட மூக்கோடு மூக்கு உரசி நின்னவன் நான்!”

ஹில்மாவுக்குப் பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. இதே மேஜை முன்னால் இப்படி மார்தட்டிய ஒருவர் சவப்பெட்டியில்தான் ஊர் திரும்பினார். கடையிலேயே பெரிய ரைஃபிளை வேண்டாவெறுப்பாக எடுத்து வைத்தாள்.

“ரெண்டு தடவை சுட்டா தோள்பட்டை கழண்டுடும், ஐயா. உங்களுக்கு வேணாம்.”

விரல் கச்சிதமாக நுழைந்தது. ஃபூரியின் முகம் மலர்ந்தது.

“இதேதான்! கட்டிக் கொடு.”

“தோட்டா எத்தனை பெட்டி வைக்கட்டும்?”

“தோட்டா எதுக்கு? எருமைத் தலையை ஏலத்துல எடுத்து ஹால்ல மாட்டிட்டேன். வர்றவன் எல்லாம் நெத்தி ஓட்டையைப் பார்த்துட்டு, ‘எந்தத் துப்பாக்கியால சுட்டே?’ன்னு கேக்கிறானே!”