விற்காத பவுன்

அண்ணனூர் வெயிலில் மொட்டைமாடி வீடு கொதித்தது. வேதமுத்து பொறுமையிழந்தார்.

“ஹில்டா, பவுன் விலை உச்சத்துல கீது. பீரோவுல இருக்கிற தங்கக் காசுல ரெண்டை வித்து ஒரு ஏசி போடலாம்.”

“இன்னும் ஏறும்ங்க. அது நம்ம வயசான காலத்துக்கு.”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே பேச்சு!” எரிச்சலில் கையிலிருந்த விசிறியை வீசியெறிந்தார்.

அப்போது மாலையும் கழுத்துமாக மகன் ஜெபராஜ் உள்ளே வந்தான். பின்னாலேயே அலுவலக நண்பர்கள் பழக்கூடையோடு வந்தார்கள்.

“அப்பா, இன்னியோட நான் ரிடையர் ஆயிட்டேன்.”

வேதமுத்து மனைவியை முறைத்தார். “இப்பவாவது விக்கலாமா?”

ஹில்டா மகனின் நரைத்த தலையைக் கவலையோடு பார்த்தாள்.

“பாருங்க, புள்ளைக்கே வயசாயிடுச்சி. நமக்கும் ஒருநாள் ஆவும்ல? இருக்கட்டும்ங்க.”