இரண்டு விரல் துணி

பின்பக்கம் தொங்கியது.

இரண்டு விரல் அளவு. மகள் போட்டிருந்த சீருடையின் முன்பக்கம் முட்டிக்குச் சரியாக நிற்க, பின்பக்கம் மட்டும் கீழே இறங்கிக் கிடந்தது.

தைத்தவளுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாகத் தைக்கிறாள். அம்பாசமுத்திரத்தில் பாதிப் பிள்ளைகள் போட்டுத் திரிவது அவள் தைத்த சீருடைதான். ஒரு துணி இப்படி இளித்துக்கொண்டு அவள் கையைவிட்டுப் போனதில்லை.

“எம்மா, வால் வச்சுத் தச்சிருக்க.”

மகள் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள்தான் இருந்தது. பிளஸ் டூ.

“நேரா நில்லு முத்தரசி. நீ ஆடுனா துணியும் ஆடத்தான் செய்யும்.”

நேராகத்தான் நின்றாள்.

அம்மா மண்டியிட்டாள். ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். விட்டாள்.

மறுபடியும் இரண்டு விரல்.

போன வருஷத்துச் சீருடைதான். முன்துணியை நேற்றுத்தான் பிரித்துப் புது அளவுக்குக் குறைத்திருந்தாள். ஆபரேஷன் முடிந்து பத்து வாரம். மார்பின் பாரத்தைக் குறைத்தாயிற்று. துணியையும் குறைக்க வேண்டும் அல்லவா? டேப்பை முன்னால் வைத்து ஒன்றுக்கு இரண்டு தடவை அளந்தாள்.

பின்துணியை அளக்கவே இல்லை.

பின்துணி.

சாக்கட்டி விரலிடுக்கில் அப்படியே நின்றது.

முதுகு வளைந்தவர்களுக்குப் பின்துணியை நீட்டி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஏறிக்கொள்ளும். வயசாளிகளுக்கு அப்படித்தான் வெட்டுவாள்.

மகளுக்கும் வெட்டினாள். பதின்மூன்று வயதில் அரை விரல். அப்புறம் ஒன்று. போன வருஷம் இரண்டு.

யாரிடமும் சொன்னதில்லை. மகளிடமும்.

ஊர்தான் சொன்னது. நிமிர்ந்து நட என்று பி.டி. டீச்சர் விசில் ஊதினார். நாத்தனார் வாசலில் வைத்தே கேட்டாள்.

“என்ன மதினி, ஒம் மவ கம்மலத் தொலச்சவ மாதிரி தரையப் பாத்தே நடக்கா?”

அவள் உள்ளே போய்க் கத்தரியை எடுத்தாள். வளைவு வெளியே தெரியாதபடி அவ்வளவு நேர்த்தியாக வெட்டினாள்.

திருநெல்வேலியில் டாக்டரம்மா, எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டபோதுகூட, “இப்பத்தாம்மா, ஒரு ஆறு மாசமா” என்றுதான் வாயில் வந்தது. மூன்று வருஷம் என்று அவள் கத்தரிக்குத் தெரியும்.

டாக்டரம்மா மகளின் தோளைத் தொட்டுப் பார்த்தார். உள்ளாடையின் பட்டை அழுந்தி அழுந்தி இரண்டு பக்கமும் பள்ளம். விரல் பாதி அதில் அமிழ்ந்தது.

ஆனாலும் அவசரப்படவில்லை. வளர்ச்சி நின்றுவிட்டதா என்று மூன்று மாதத்துக்கொரு முறை வரவழைத்து, ஒரு வருஷம் அளந்தார். மகளைத் தனியே உட்காரவைத்து, இது உன் விருப்பமா, அடுத்தவர் பேச்சா என்று கேட்டாராம். தழும்பு நிற்கும் என்றார். தொடு உணர்வு குறையலாம். பின்னாளில் பிள்ளைக்குப் பால் போதாமல் போகலாம்.

பதினேழு வயசுக்குத் தாய் கையெழுத்துப் போட வேண்டும். பாலைப் பற்றிய வரியில் பேனா நின்றுவிட்டது. இன்னும் பிறக்காத பிள்ளை ஒன்று பசித்து அழுவது அவள் காதில் விழுந்தது.

“பிள்ள பெறும்போது பாத்துக்கிடலாம்மா. எனக்கு இப்ப கழுத்து வலிக்கி.”

போட்டாள்.

பத்து வாரமாக மிஷின் சத்தத்துக்கு நடுவே அந்த ஒரே கேள்வி. தப்புப் பண்ணிவிட்டேனோ?

மண்டியிட்ட வாக்கிலேயே இப்போது மேலே பார்த்தாள்.

இடுப்பு.

முதுகு.

முதுகு எங்கேயும் மடங்காமல் மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. அதன் மேல் ஒரு கழுத்து. அந்தக் கழுத்து இவ்வளவு நீளம் என்று பெற்றவளுக்கே தெரியாது.

எதிர்ச்சுவரில் தினசரிக் காலண்டர். போன வருஷம் இதே இடத்தில் நிற்கும்போது மகளின் கண் தேதித்தாளுக்கு நேராக இருக்கும். இன்று மேலே படத்தில் இருந்த அம்மனின் கண்ணுக்கு நேராக இருந்தது.

முதுகுக்கு யாரும் மருந்து தடவவில்லை. யாரும் பிடித்து நிமிர்த்தவில்லை. பாரம் இறங்கியது. அது பாட்டுக்கு எழுந்துவிட்டது.

இவ்வளவு நாளும் இது எங்கே இருந்தது?

அவளுக்கு வீட்டுக்குள் வேறு யாரோ வந்து நிற்பதுபோல இருந்தது. எழுந்து கும்பிட வேண்டுமோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

“என்னம்மா, தப்பா வெட்டிட்டியா?”

“ஆமாட்டி.” சாக்கட்டியைக் கீழே வைத்தாள். “தப்பாத்தான் வெட்டிட்டேன்.”

கீழே வெட்டினால் ஓரம் சரியாகும். முதுகில் துணி சுருங்கிக்கொண்டு நிற்கும். தோளில் பிரித்து, பின்துணியை மேலே ஏற்ற வேண்டும். இரண்டு விரலையும்.

குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு எழுந்தாள். நாலே முக்கால் அடி அவள். கை எட்டியது. கண் எட்டவில்லை. தோள்தையலை மேலிருந்து பார்த்தால்தான் ஊசி குத்த முடியும்.

குதிகாலை உயர்த்திப் பார்த்தாள்.

“கொஞ்சம் குனிட்டி.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது.

மகள் குனியவில்லை.

கண்ணாடியைப் பார்த்தபடியே ஒரு காலை நீட்டி, மிஷினுக்கு அடியில் கிடந்த ஸ்டூலை அம்மா பக்கம் இழுத்துவிட்டாள்.