துரைசாணியின் காத்து மெசின்

அமெரிக்காவிலிருந்து பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து பங்களாவுக்கு விருந்தாளியாக வந்த வெள்ளைக்காரத் துரைசாணி, தலைமுடி காயவைக்கும் மின்சார மெசின் ஒன்றையும் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். அதன் பிளக்கில் இரண்டு தட்டைக் கம்பிகள். பங்களாச் சுவரிலோ மூன்று வட்ட ஓட்டைகள். எப்படித் திருப்பினாலும் நுழையவில்லை. ஆகவே வேலைக்காரி றோசாலிதான் சாம்பிராணிப் புகை காட்டி அவள் தலையை உலர்த்துவாள். பிரம்பு நாற்காலி கிரீச்சிட, துரைசாணி தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் நீந்தப் போனவள் மூழ்கிப்போனாள். உடலைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். மெசின் மட்டும் மேசையில் தங்கிவிட்டது.

மறுவாரம் அறையைக் கூட்டப் போன றோசாலி, அது இரைவதைக் கண்டாள். சுற்றிவைத்த வயர் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. காற்று சூடாக வந்தது.

பெரிய கிளாக்கர் சிற்றம்பலத்திடம் ஓடினாள்.

"ஐயா, துரைசாணி ரூம்ல காத்து இருக்குங்க."

யாழ்ப்பாணத்துக்காரரான அவர் நிமிரவேயில்லை. "காத்தெண்டால் யன்னலைச் சாத்திவிடு, பிள்ளை."

"அந்தக் காத்து இல்லீங்க ஐயா, காத்து கருப்பு…"

"போய் வேலையைப் பார்."

வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போய்விடும். றோசாலி திரும்பிவந்து ஜன்னலைச் சாத்தினாள். மெசின் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அதன் எதிரே, பிரம்பு நாற்காலியின் முதுகிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஊதியும் அந்த ஈரம் காயவில்லை.

வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து தணல் அள்ளிவந்து, சாம்பிராணி போட்டு, நாற்காலிக்குப் பின்னால் வைத்தாள்.

மெசின் நின்றது. நாற்காலி மெல்லக் கிரீச்சிட்டு, அவள் பக்கம் சாய்ந்தது.