வயர் கேட்டது

அலுவலக மாடியில், தன் கணினியில் போட்ட புது நெட்வொர்க் கார்டுக்கான டிரைவர் மென்பொருளை ஏற்றிவிட்டு, நடப்பதையெல்லாம் லினக்ஸ் வரிவரியாக எழுதும் லாகைத் திரையில் ஓடவிட்டாள் கோமளவல்லி. டிரைவர் ஏறிவிட்டது. ஆனால் இணைப்பு வந்தது, போனது, வந்தது, போனது என்று வரிகள் விழுந்துகொண்டே இருந்தன. டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றினாள். அதே கதை. சனியனே என்று வாய்க்குள் திட்டியபடி உற்றுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: இரண்டு முறை போய் வருகிறது, சற்று நிற்கிறது, மறுபடி இரண்டு முறை. கார்டில் செருகிய வயரின் மறுமுனை கீழ்த்தளத்தில், அவளோடு வேலை பார்க்கும் ஞானதுரையின் அறையில் இருந்தது. டீக்குக் கூப்பிட அவர் மேசையை அப்படித்தான் தட்டுவார். பழைய கார்டை அவர் தன்னைக் கேட்காமல் கழற்றிப் போட்டதற்கு, "இனிமே எங்கிட்டப் பேசாதீங்க" என்று போன வாரம் அவள் சொன்னதிலிருந்து மனிதர் வாயே திறக்கவில்லை.

மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். "என்ன சார் பண்றீங்க அங்க?"

"நான் ஒண்ணும் பேசலயே மேடம். வயர்தான் கேக்குது."

கோமளவல்லி திரும்பி வந்து, தன் பக்கத்து முனையை இரண்டு முறை பிடுங்கிச் செருகினாள். லாக் அதையும் கோளாறு என்றே எழுதிக்கொண்டது. கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.