மூடியில்லாத டிரம்

வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்ப்பது தனபாக்கியத்தின் வேலை. ஆற்றோரத் தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் அவளை உள்ளே விட்டார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி சந்தானகோபாலன் மட்டும், "எங்க வீட்ல கொசுவே கிடையாது, போம்மா" என்று மூன்று வாரமாக வாசலோடு திருப்பி அனுப்பினார். இன்று காலை அவருடைய பக்கத்து வீட்டுக் குழந்தை, ஆறு வயது இசைமதி, டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

சேதி வந்ததும் தனபாக்கியம் அவர் வீட்டு இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே மொட்டைமாடிக்கு ஏறினாள். மூடியில்லாத டிரம்மில் மழைத்தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது.

"யாரைக் கேட்டு மேல வந்தே?" என்று கத்திக்கொண்டே அவர் பின்னால் வந்தார்.

அவள் ஒரு குவளை மொண்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கொசுவே இல்லன்னீங்களே சார். இதைக் குடிங்க."

"என்ன திமிரு! நகராட்சிக்குப் போன் போட்டு உன் வேலையைக் காலி பண்றேன் பாரு."

"போடுங்க. பேரு தனபாக்கியம்னு சொல்லுங்க."

டிரம்மைத் தோள் கொடுத்துச் சாய்த்தாள். தண்ணீர் அவர் காலை நனைத்துக்கொண்டு ஓடியது. அவர் எண்ணை அழுத்தினார். அதே நேரம் தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இசைமதியின் அம்மா அலறிய அலறல் மாடிவரை எட்டியது.

"ஹலோ, என்ன புகார்னு சொல்லுங்க" என்று போனுக்குள் ஒரு குரல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.