ஆச்சரியக்குறி போட்ட ஐந்து கடிதங்கள்

“நெவில் திருடன்னு நான் சொல்லல. ஆனா அவர் செஞ்சது திருட்டுதான்.”

டீகன் இப்படித்தான் ஆரம்பித்தாள். சுற்றி வளைக்க அவளுக்கு வராது. பதினெட்டு வயசு, பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று மாதம்.

டாலி பே ஊரின் தீயணைப்புத் தொண்டர் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். தட்டில் லேமிங்டன் கேக் தொடாமல் கிடந்தது.

“சீக்கிரம் சொல்லும்மா. மத்தியானம் ஃபுட்டி மேட்ச் இருக்கு” என்றார் தலைவர் டெஸ்மண்ட்.

ஊருக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வர். முந்நூறு பேரின் கடிதமும் கூடத்துப் பின்னறையில் இருக்கும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் வழியாகத்தான் போக வர வேண்டும். அதில் படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் பதில் வரும். பதினாறு வருஷம் சம்பளமில்லாமல் தட்டியவர் நெவில். போன திங்கட்கிழமை டீகனிடம் ஒப்படைத்துவிட்டார். இன்றைக்கு அவருக்கு ஆயுள் உறுப்பினர் பேட்ஜ் குத்தியிருந்தார்கள்.

“வெளிய போக வேண்டிய கடிதங்களோட வரிசையப் பார்த்தேன்” என்றாள் டீகன். “அஞ்சு கடிதத்துக்குப் பக்கத்துல ஆச்சரியக்குறி. யாரோ வேணும்னே நிறுத்தி வெச்சா மட்டும்தான் அது வரும். தோண்டிப் பார்த்தா, ஒரு ஆளு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எழுதுறது எதுவும் வெளிய போகக்கூடாதுன்னு சர்வர்ல ஒரு கட்டளை வரி. எழுதினது நெவில். ரெண்டு வருஷமா இருக்கு. இதுவரைக்கும் நானூத்திச் சொச்சம் கடிதத்த அழிச்சிருக்காங்க.”

“யாரோட கடிதம்?”

“ரோண்டாவோடது. பெர்த் நகரத்துல இருக்கிற மகளுக்கு எழுதினது.”

எல்லாத் தலையும் ரோண்டா பக்கம் திரும்பியது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிற ரோண்டா. டீகனையே பன்னிரண்டு வருஷம் ஏற்றி இறக்கியவள். டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அடப்பாவமே! அதான் அந்தப் பொண்ணு ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்கலையா?” என்றாள் முன்வரிசையிலிருந்த மேவிஸ் பாட்டி.

டெஸ்மண்ட் நெவிலைப் பார்த்தார். “அந்த வரிய நீதான் எழுதினியா?”

“ஆமா.”

“கடிதத்தப் படிச்சியா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குய்யா நிறுத்தின?”

நெவில் கேக் தட்டைப் பார்த்தார்.

“வாயில என்ன, லேமிங்டனா? கேக்குறேன்ல!”

நெவில் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி, கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

“சரி. கூட்டக் குறிப்புல ஏத்தணும்” என்றார் டெஸ்மண்ட். “நானூறையும் அழிச்சது இவன்தானே?”

“வேற யாரு? வரிய எழுதினதே அவர்தான்...”

சொல்லும்போதே டீகனுக்கு உறைத்தது. அழித்தது யார் என்று அவள் பார்க்கவேயில்லை. வரியைப் பார்த்தாள், கோபம் வந்தது, நேராகக் கூட்டத்துக்கு வந்துவிட்டாள்.

லேப்டாப்பைத் திறந்து ஒரு கட்டளை தட்டினாள். எந்தக் கடிதம், எப்போது அழிந்தது, உள்ளே வந்து அழித்தது யார் என்று வரிவரியாக வந்தது. எல்லாமே காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில். எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

நெவிலின் பெயர் இல்லை.

பொறுப்பை வாங்கிய அன்றைக்கே பழைய பாஸ்வேர்டுகளை எல்லாம் டீகன் வெட்டிவிட்டிருந்தாள். மறுநாள் அவள் வேலை பார்க்கும் கடைக்கு ரோண்டா வந்தாள். “என் பாஸ்வேர்டு சர்வருக்குள்ள போக மாட்டேங்குதே?” என்று மெதுவாகக் கேட்டாள். “உங்களுக்கு அங்க என்ன வேலை?” என்று கேட்டு அனுப்பியது இதே டீகன்தான். அதற்கப்புறம்தான் ஐந்து கடிதம் தேங்கியிருக்கிறது.

“என்ன முழிக்கிற? பெரிய திரையில போடு, எல்லாரும் பார்க்கட்டும்” என்றார் டெஸ்மண்ட்.

டீகன் லேப்டாப்பை மூடினாள்.

“அது... வந்து... சரியாத் தெரியல.”

“உனக்குப் பொய் வரல டீகன். விட்டுடு.” ரோண்டா எழுந்து நின்றாள். “அழிச்சது நான்.”

டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சாயங்காலமானா குடிப்பேன். குடிச்சா மகளுக்கு எழுதுவேன். வாய்க்கு வந்ததெல்லாம். அப்படி ஒண்ணு போய்ச் சேர்ந்துதான் அவ பேச்ச நிறுத்தினா. ராத்திரி நான் அனுப்புறதப் பிடிச்சு வை, காலைல தெளிஞ்சதும் நானே படிச்சுப் பார்த்து அழிச்சுக்கிறேன்னு நெவில்கிட்ட கெஞ்சினேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னான். பேட்ஜ் போற நேரத்துலயும் சொல்லல, பாருங்க.”

பின்வரிசையில் யாரோ, “அப்போ பஸ்ஸு?” என்று முனகினார்கள்.

“தினமும் மெஷின்ல ஊதிப் பார்த்து சைபர் வந்தாத்தான் வண்டிய எடுப்பேன். நம்பிக்கை இல்லைன்னா...” ரோண்டா பஸ் சாவியை எடுத்து பேட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மேவிஸ் எழுந்து போய், சாவியை எடுத்து ரோண்டாவின் கையில் திணித்தாள்.

“என் பேத்தி நாளைக்கும் உன் பஸ்லதான் வருவா. லேட் பண்ணாத.”

டீகன் பேட்ஜை எடுத்து நெவிலின் சட்டையில் குத்தினாள். கோணலாகப் போனது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

“இருக்கட்டும்” என்றார் அவர். “வரிசையில அஞ்சு நிக்குதே, அதைப் பாரு.”

டீகன் லேப்டாப்பைத் திறந்து ரோண்டாவைப் பார்த்தாள். “அஞ்சையும் அழிச்சிடவா?”

“நாலை அழிச்சிடு.”

“அஞ்சாவது?”

“அது நேத்து எழுதினது. அனுப்பிடு” என்றாள் ரோண்டா. “நேத்து நான் குடிக்கல.”